அடுப்பை அணைச்சியாம்மா?

காலை ஏழு மணிக்குப் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. பொங்கவிட்டது வேறு யாருமில்லை, அவள் புருஷன்தான். வேண்டுமென்றே தீயைக் கூட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போலக் கதவோரம் நின்றுகொண்டார். கை மட்டும் சட்டைப்பையில் இருந்த சின்ன நோட்டின் மேலேயே இருந்தது.

அவள் துணியை எடுத்துத் துடைத்தாள்.

"பரவாயில்லை. காபி சற்றுத் தாமதமாகும்," என்றாள், பள்ளிக்கூடப் பாடத்தை வாசிப்பதுபோல.

அவர் முகம் தொங்கிப்போனது. மூன்று மாதமாக இதே கதைதான்.

ஊருக்கு அவர் 'வெடிவாயன்'. திரையில் முகத்தைக் காட்டினாலே ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். தன் வசனத்தைத் தானே எழுதும் காமெடி நடிகர் என்று பத்திரிகைகளில் பாராட்டு வேறு. எழுதினார், யார் இல்லை என்றது? ஆனால் சொன்னது யார்? இருபது வருஷமாக அடுப்படியில் இவள் திட்டியதும் நொந்துகொண்டதும்தான் அந்த நோட்டு வழியாகத் திரைக்குப் போனது. "உங்களை நம்பிக் குடையைக் கொடுத்தா, மழையை வீட்டுக்குள்ள கூட்டிட்டு வருவீங்க" என்று ஒருநாள் எரிச்சலில் சொன்னாள். மறுவருஷம் ஊரே அதைச் சொல்லிச் சிரித்தது. போகட்டும், குடும்பம் நன்றாயிருந்தால் சரி என்று பொறுத்துக்கொண்டாள்.

பொறுக்க முடியாதது போன படம்தான். அவளுடைய அம்மாவுக்கு ஒரு பழக்கம். எங்கே கிளம்பினாலும், அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் சந்தேகம் வந்து திரும்பிவிடுவாள். அந்த அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனபோது இவள் வாசலில் விழுந்து கதறினாள். "அடுப்பை அணைச்சியாம்மா? அதைப் பார்க்கறதுக்காவது ஒரு தடவை திரும்பி வாம்மா..."

அந்தக் கதறலையும் மனுஷன் நோட்டில் எழுதிக்கொண்டார்! பொம்பளை வேஷம் கட்டி, மாரில் அடித்துக்கொண்டு, ஒரு பிணத்தின் முன்னால் அதை வார்த்தை மாறாமல் சொன்னார். தியேட்டர் அதிர்ந்தது. பக்கத்து சீட்டில் மாமியார் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பெத்தவளைப் பறிகொடுத்த அழுகையை விற்றுத் தின்றவருக்கு இனி தன் வாயிலிருந்து உயிருள்ள வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது என்று இவள் அந்த இருட்டிலேயே முடிவு செய்தாள். பழிவாங்கக் கத்தி எதற்கு? 'பரவாயில்லை' போதும்.

பலித்தது. புதுப் படத்தில் அவர் வசனம் சொன்னால் கொட்டாவிதான் வந்தது. சப்பை ஜோக்குக்குக்கூடச் சிரிக்கிற வயசான லைட்காரரே மூக்கைச் சொறிந்துகொண்டு நின்றாராம். கேட்டபோது அவளுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது.

அன்று பத்து மணிக்கு டைரக்டரே வீட்டுக்கு வந்தார். வெள்ளிக்கிழமைக்குள் நல்ல சீன் வரவில்லை என்றால் வேறு நடிகரைப் போடவேண்டியிருக்கும் என்று தலையைக் குனிந்தபடி சொன்னார். மாமியார் பொறுக்கமாட்டாமல் அடுப்படிக்கு வந்தாள். பின்னாலேயே புருஷனும் டைரக்டரும் வந்து கதவோரம் நின்றார்கள்.

"உன் வாயை மூடிக்கிட்டு என் புள்ளை பொழைப்பையும் சேர்த்து மூடிட்டியேடி... அப்படி என்ன பண்ணிட்டான்? ஒரு வார்த்தையை எடுத்தான். ஊரே சிரிச்சுது."

அவ்வளவுதான், மூன்று மாதமாக அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது.

"நாளைக்கு நீங்க போனா உங்க புள்ளை அழுவாரில்ல அத்தை? நான் பக்கத்துல நின்னு எழுதிக்கறேன். ஊரு சிரிக்கட்டும். அன்னிக்கு நான் நெஜமாத்தான் கூப்பிட்டேன்... திரும்பி வந்துடுவாங்கன்னு நெஜமாவே தெருவைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்..."

அப்போதுதான் கவனித்தாள். பழக்கதோஷம், புருஷனின் கை சட்டைப்பைக்குப் போயிருந்தது.

"எழுதுங்க," என்றாள். "இதையும் எழுதுங்க. நல்லா ஓடும்."

அவர் நோட்டை எடுத்தார். எழுதவில்லை. அவள் காலடியில் வைத்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி விம்மினார்.

அவள் இளகவில்லை. டைரக்டர் முன்னாலேயே தண்டனையைச் சொன்னாள். அதே வார்த்தையை இந்தப் படத்தில், வேஷம் கட்டாமல், அம்மாவைப் பறிகொடுத்த மகனாக அவரே சொல்லவேண்டும். லைட்காரர் ஒரு பல்லைக் காட்டிச் சிரித்தாலும் ஆயுசுக்கும் 'பரவாயில்லை'தான். வசனம் என்று போடுகிற இடத்தில் அவள் பெயரும் வரவேண்டும், அவர் பெயர் அளவுக்கே பெரிசாக.

"என் மூஞ்சியைப் பார்த்தாலே சிரிப்பாங்களேம்மா..."

"அது நீங்க சம்பாதிச்ச மூஞ்சி. நீங்களே சமாளிங்க."

வெள்ளிக்கிழமை அவளும் ஷூட்டிங்குக்குப் போய், லைட்காரருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். புருஷன் வாயைத் திறப்பதற்குள் லைட்காரரின் உதடு சிரிப்புக்குத் தயாராகிவிட்டது. அவளுக்குத் திக்கென்றது.

"அடுப்பை அணைச்சியாம்மா..."

அவர் பிணத்தைப் பார்க்கவில்லை, கேமராவையும் பார்க்கவில்லை. அவளையே பார்த்துச் சொன்னார். பாதியில் குரல் உடைந்தது. லைட்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைப் பொத்திக்கொண்டார். டைரக்டர் கட் சொல்லவே மறந்துபோனார்.

வெளியே மரத்தடியில் வந்து நின்றதும் அவர் கேட்டார், "மன்னிச்சுட்டியா?"

"இல்ல. பேசறேன், அவ்வளவுதான். மன்னிக்கறதை அப்புறம் பார்க்கலாம்."

அவர் மூக்கை உறிஞ்சினார். "இருபது வருஷம் திட்டித் திட்டி என்னை வாழவெச்சே. மூணு மாசம் மரியாதை குடுத்தே... செத்தே போயிட்டேன்டி."

அவள் கைப்பையைத் திறந்தாள். பழைய நோட்டு இப்போது அவளிடம்தான் இருந்தது. பேனா மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றினாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள். "அழாம சொல்லுங்க. எழுதிக்கணும்."