லென்ஸ் மூடியோடு பதிந்த நாடா

கேமராவுக்குள் நாடா ஓடும் சத்தம் கேட்டது. மர்ரே இன்னும் எந்தப் பொத்தானையும் தொடவில்லை. கம்பியைச் செருகினால் கணினியே சில சமயம் கேமராவை ஓட்டிவிடும், அதுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். செயின்ட் ஹெலன்ஸ் என்ற அந்தக் கடலோர ஊரில் எல்லாருடைய கல்யாண நாடாக்களையும் கணினிக்கு மாற்றித் தருபவன் அவன். இந்தச் சில்லறைக் கோளாறெல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

ஆனால் இது ரோரியின் கேமரா. பல வருஷங்களுக்கு முன், சிங்கி இறால் கூண்டு இறக்கப் போன ஒரு நாளில் ரோரி கடலில் விழுந்தான். படகில் அவனும் மர்ரேயும் இரண்டே பேர். விழுந்ததைப் பார்க்கவே இல்லை என்று மர்ரே போலீஸிடம் சொன்னான், ஊரும் நம்பியது. பார்த்தான். காலையிலிருந்து இருவருக்கும் வாய்ச்சண்டை. கொஞ்சம் தவிக்கட்டும் என்று படகைத் திருப்பாமல் ஓட்டினான். திரும்பி வந்தபோது வெறும் தண்ணீர்தான் இருந்தது.

விற்பதற்காக அந்தப் படகை இப்போது காலி செய்தபோது, இருக்கைக்கு அடியில் கேமரா அகப்பட்டது. ரோரியின் அம்மா நோலீன் அதைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தாள்.

“இது ஓடி முடிய நேரமாகும் நோலீன். நாளைக்கு வந்து வாங்கிக்கோங்களேன்.”

“வீட்ல எனக்கென்ன கோழியா அடைக்கணும்? அடுக்களையில உக்காந்துக்கறேன். ஸ்கோன் ரொட்டி சுட்டு கொண்டாந்திருக்கேன், நீயும் தின்னு. எலும்பும் தோலுமா இருக்க.”

அவள் கெட்டிலில் தண்ணீர் பிடிக்கும்போது நாடாவை ஓட்டிப் பார்த்தான். வெயில், கயிறு, ரோரியின் கை. பிறகு கேமராவை எங்கோ வைத்துவிட்டார்கள். அது படகின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு பேர் கத்துவது கேட்டது. மர்ரே அவசரமாக நிறுத்தினான். அடுத்து வருவதை நோலீன் பார்த்தால் அவன் தொலைந்தான்.

வழி அவனுக்குத் தெரியும். லென்ஸில் மூடியை மாட்டினான், விசையைப் பதிவுப் பக்கம் தள்ளினான். நாடாவில் மிச்சமிருந்த பகுதி முழுக்க, படத்தின் மேல் இருட்டு ஏறிக்கொண்டிருந்தது.

“என்னப்பா, என் புள்ள தெரியறானா?”

“உள்ள அழுக்கு நோலீன். துடைச்சிட்டிருக்கேன்.”

“மெதுவா பண்ணு. இவ்ளோ வருஷம் பொறுத்துட்டேன்.”

பதிந்து முடிந்ததும் சுற்றிவிட்டு ஓட்டினான். கணினித் திரையில் கறுப்பு. அப்பாடா என்றிருந்தது. மூடி படத்தைத்தான் மறைக்கும், மைக் திறந்தே இருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. போகட்டும், அடுக்களைச் சத்தம்தானே கேட்கப்போகிறது என்று ஒலியைக் கூட்டினான்.

கேட்டது அலை. படகின் பக்கவாட்டில் தண்ணீர் சளப் சளப்பென்று மோதியது, அதற்கு அடியில் எஞ்சின் உறுமியது, டீசலும் அழுகிய இரைமீனும் கலந்த வாடை அறைக்குள் ஏறியது, ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டும் இயந்திரத்தின் சத்தம் தேய்ந்து தேய்ந்து எங்கோ தொலைவுக்குப் போனது. கறுப்பு மெல்ல வெளுத்தது. சாம்பல் நிறக் கடல். நடுவில் ஒரு தலை.

கை அசைத்தது.

நிறுத்தும் பொத்தானை அழுத்தினான். நிற்கவில்லை. கம்பியைப் பிடுங்கினான். படம் போகவில்லை. மேசையில் மூடி போட்ட கேமரா கிர்ரென்று தானாகவே லென்ஸைத் திருகிக்கொண்டது. திரையில் அந்தத் தலை பெரிதானது.

ரோரி இல்லை. நரைத்த மீசை. காலையில் மாட்டிய அதே கட்டம் போட்ட சட்டை. மர்ரேயேதான்.

கத்த வாயைத் திறந்தான். வாய் நிறைய உப்பு.

நோலீன் தேநீர்க் கோப்பையோடு உள்ளே வந்தாள். அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாற்காலியைத் திரைக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ரோரி,” என்றாள், “இன்னும் கிட்ட காட்டுடா. மூஞ்சி சரியா தெரியல.”

படம் நெருங்கியது.

காலுக்கு அடியில் தரை இல்லை. அறையும் இல்லை. குளிர். சட்டை கனத்தது. எதிரே படகின் பின்பக்கத்தில், கேமராவைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்தபடி ஒருவன் நின்றான். மீதி முகம் முழுக்கப் பாசி. எஞ்சின் வேகமெடுத்தது. மர்ரே கையை உயர்த்தினான். படகு திரும்பவில்லை.