ஓடைக்கு அடியில் அண்ணன்

எலும்புக்கூட்டின் இடது காலில் ஸ்டீல் பிளேட் இருந்தது.

இன்ஜினீயர் டார்ச்சை அருகில் கொண்டுபோனாள். கால் முறிந்தபோது அண்ணனுக்கு வைத்த அதே பிளேட். அம்மாவின் நகையோடு ஓடிப்போனவன் என்று எட்டு வருடமாய் வாய் வலிக்கத் திட்டிய அண்ணன்... பழைய பூங்காவுக்கு அடியில், மூடிய ஓடையின் குழாய்க்குள் கிடந்தான்!

விரல் எலும்புகளுக்கு நடுவே உடைந்த தங்க வளையல்.

கையுறையைக் கழற்றியபடி மேலே ஏறினாள். அக்கா புருஷன் நின்றிருந்தார். அன்று ஓடையை மூடிய கான்ட்ராக்டர். இன்று அதைத் தோண்டி மீட்பவரும் அவரே.

"மாமா, அண்ணன் உள்ள கெடக்கான். கையில ஒரு வளையல் இருக்கு. போலீசுக்குச் சொல்லிட்டேன்."

"வேலை நின்னுடும்மா. இந்த ஓடை திரும்ப ஓடணும்னு உசுரக் குடுத்து உழைச்சவளே நீதான். பேசாம மூடிடலாம்."

"மூடி மூடிப் பழகிட்டீங்க."

"சத்தியமா எனக்குத் தெரியாது..."

சாப்பாட்டுக் கேரியருடன் வந்து, பேச்சைக் கேட்டு நின்ற அக்கா அவள் தோளை அணைத்தாள்.

"அழாதடி. நாங்க இங்கயே இருக்கோம்."

இன்ஜினீயர் பூங்கா வாசலுக்குப் போய் இன்ஸ்பெக்டரை அழைத்து வந்தாள்.

குழாய்க்குள் அண்ணன் இருந்தான்.

வளையல் இல்லை.

"இங்க இருந்தது நீங்க ரெண்டு பேருதான்" என்றார் இன்ஸ்பெக்டர், மாமாவையும் அக்காவையும் பார்த்து.

"சார், தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்க, காலையில உள்ள சாயம் ஊத்தினேன். இருட்டுல தெரியாது. உள்ள எதையாவது தொட்டவங்க கை வெளிச்சத்துல பச்சையாயிடும். மாமா... கையைக் காட்டுங்க."

காட்டினார்.

சிமெண்ட் தூசி. பச்சை இல்லை.

இன்ஜினீயர் டார்ச்சை அவர் கையிலிருந்து விலக்கினாள். மெல்லத் திரும்பினாள்.

அக்கா முந்தானைக்குள் கைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா... நீயா?"

"உன் காலேஜுக்கு அம்மா நகையை விக்கப் போனேன். விடமாட்டேன்னு இங்க வரைக்கும் துரத்தி வந்து கையைப் பிடிச்சான். தள்ளினேன். தலைகுப்புற உள்ள விழுந்துட்டான்... மறுநாளே உங்க மாமா எதுவும் தெரியாம மூடிட்டார்."

நம் வீட்டின் முதல் டிகிரி என்று அக்கா சட்டம் போட்டு மாட்டிய காகிதம் அவள் கண்முன் வந்தது.

"நான் அவனைத் திருடன்னு திட்டும்போதெல்லாம் பேசாம எனக்குச் சோறு போட்டியே அக்கா. தொண்டையில எதுவும் சிக்கலையா?"

"உனக்காகத்தான்டி எல்லாம்..."

இன்ஜினீயர் கண்ணைத் துடைத்தாள். இன்ஸ்பெக்டருக்கு வழிவிட்டாள்.

"அப்போ ஜெயிலுக்கும் எனக்காகவே போயிட்டு வா."