ரோச் மச்சானுக்கு விட்ட இடம்

1974 மார்ச் 9, சனி.

இன்று ஒரு சின்னத் தவறு. பாட்டின் நடுவே விட்ட வெற்றிடத்தை முப்பத்திரண்டு விநாடி என்று நோட்டில் எழுதியிருந்தேன். டேப்பை ஓடவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தால் ஐம்பது. மாலை வகுப்பில் விநாடி பார்த்துச் சுருக்கெழுத்து பழகுகிறவன் நான். ஆனாலும் என் எண்ணிக்கையைத்தான் சந்தேகப்பட்டேன்.

பாட்டு ரோச் மச்சானுக்காக. அக்கா ஆக்னஸின் கணவர். எங்கள் ராக் குழுவில் டிரம்ஸ் அவர்தான். பிழைப்புக்குச் சங்கு குளித்தார். மூன்று வாரத்துக்கு முன் கடலடியிலிருந்து பிணமாக வந்தார். அவர் தனியாக வாசிக்கும் இடம் வந்ததும் பேஸ் கிட்டாரில் நானும் கிட்டாரில் ஜெயசிங்கும் கைவைக்காமல் நிற்பது என்று முடிவு. அடுத்த ஞாயிறு, முப்பதாம் நாள் பூசை முடிந்து, அக்காவின் முன்னால் வாசிக்க வேண்டும்.

சங்குக் கிட்டங்கியின் மாடியில்தான் ஒத்திகை. கீழே குவித்த சங்குகளுக்குள் சதை அழுகும் நாற்றம் பலகை இடுக்குகள் வழியே ஏறி, மூன்று மணி வெயிலோடு கலந்து, சட்டையிலும் நாக்கிலும் ஒட்டிக்கொண்டிருக்க, துறைமுகப் பக்கம் ஏதோ ஒரு சங்கிலி இறங்கிக்கொண்டே இருந்தது.

"ஏலே சிலுவை, ஒனக்கு எண்ணவும் தெரியல, சும்மா நிக்கவும் தெரியல. இந்த லட்சணத்துல ஸ்டெனோவா ஆகப்போறியாக்கும்" என்று ஜெயசிங் சிரித்தான்.

மறுபடி பதிந்தோம். இந்த முறை எழுபத்தைந்து. சிரிப்பு நின்றது. டேப்பைப் போட்டோம். வெற்றிடத்தில் முதலில் காதுக்குள் தண்ணீர் புகுந்தது போல ஓர் இரைச்சல், அதற்கும் அடியில், வெகு ஆழத்தில், ஒரு தட்டல். அதற்கு இன்னொரு தட்டல் பதில் சொன்னது.

"நல்லாத்தான் இருக்கு. பேஸ் தட்டுனது நீதான?"

"நான் தொடவே இல்லலே."

இதை இங்கே மட்டும் எழுதுகிறேன். குளிக்கிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பது வழக்கம். சகோதரி தாலியறுக்க எவனும் சம்மதிக்க மாட்டான் என்று. கயிறு அசைந்தால் உடனே இழுக்க வேண்டும். மச்சான் விளையாட்டுக்காரர். அடியில் சங்கு பொறுக்கிக்கொண்டே கயிற்றில் தாளம் தட்டுவார். மேலே தோணியில் நான், பேஸ் வாசிப்பதுபோல விரலால் பதில் தட்டுவேன். அன்றும் தட்டினார். வேகமாகத் தட்டினார். புதுத் தாளம் என்று நினைத்தேன். பதில் தட்டினேன்.

கயிறு அசையவே இல்லை என்று அக்காவிடம் சொன்னேன்.

படியில் செருப்புச் சத்தம். அக்கா.

"என் புருசனுக்குப் பாட்டு, எனக்குப் போட்டுக் காட்ட மாட்டீயளோ? கோயில்ல வந்து அழுது மானத்த வாங்கவா? இங்கனயே அழுதுட்டுப் போறேன்."

நான் எழுவதற்குள் ஜெயசிங் டேப்பைத் தட்டிவிட்டான். அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டாள். அழவில்லை.

"இது அவுக கை. பதில் தட்டுறது யாருலே?"

நான் விரல்களை மடக்கிக்கொண்டேன்.

"அசையவே இல்லன்னியே."

டேப் முடிந்து சக்கரம் வெறுமனே சுற்றியது. தட்டல் நிற்கவில்லை. பெரிய டிரம்முக்குள்ளிருந்து வந்தது. அதன் முன்தோலில் ஓர் ஓட்டை வெட்டி, ஜெயசிங் மைக்கை உள்ளே வைத்திருந்தான். வெளியே கிடந்த ஒயரை அக்கா இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

மைக் வரவில்லை. ஒயர் வந்தது.

அது பத்தடி ஒயர். இருபது அடி வந்தது. நாற்பது. நனைந்து வந்தது. பாசியோடு வந்தது. ஜெயசிங் படியில் விழுந்து ஓடினான்.

"விட்டுரு அக்கா."

"எண்ணுலே. எத்தன பாகம் ஆழம்னு ஒனக்குத்தான தெரியும்."

ஆறடிக்கு ஒரு பாகமாக எண்ணினேன். மச்சான் இறங்கிய ஆழம் தாண்டிவிட்டது. இன்னும் வருகிறது.

இப்போது மாலை ஏழு. அவள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவள் உள்ளங்கை கிழிந்துவிட்டது. அவள் நிறுத்தவில்லை. ஒயர் விறைத்திருக்கிறது. மறுமுனையில் கனம். டிரம்மின் தோல் உள்ளிருந்து புடைக்கிறது. அமுங்குகிறது. புடைக்கிறது. ஓட்டையிலிருந்து என் கால்மேல் மூச்சு படுகிறது. குளிர்ந்த மூச்சு.

நாளை காலை ஆறு மணிக்கு, தோணியில் மச்சானின் கயிறு என் கைக்கு வரும் அதே நேரத்தில், அக்காவின் கையிலிருந்து ஒயரை நான் வாங்க வேண்டும்.