வியர்க்கும் மீன்குடில்

கதவு திறக்கவில்லை. குடிலுக்குள்ளிருந்து ஐலியின் அப்பா ஆர்வோ தோளால் இடித்துப் பார்த்தார். காலால் உதைத்தும் பார்த்தார். கதவின் அடிப்பக்கம் வழிந்த தண்ணீர் உறைந்து, கதவையும் நிலையையும் சேர்த்து ஒட்டிவிட்டிருந்தது.

லூன் ஏரி உறைந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அதன் மேல் முப்பது மீன்குடில்கள் நின்றன. ஒவ்வொன்றும் ஒரு சின்ன அறை. தரையில் இரண்டு ஓட்டை, அவற்றுக்கு நேர் கீழே பனிக்கட்டியில் துளைத்த இரண்டு குழி. கேஸ் ஹீட்டரைப் பற்றவைத்துவிட்டுக் கதகதப்பாக உட்கார்ந்து தூண்டில் போடலாம். ஆனால் வெளியே வர வேண்டும் என்றால் கதவு திறக்க வேண்டும்.

கடைசியில் பக்கத்துக் குடில் ஓலாவி மாமா கடப்பாரையோடு வந்து நெம்பினார். கதவு பட்டென்று திறந்தது.

"மீனைப் பிடிக்க வந்துட்டு உன்னை நீயே பிடிச்சு வச்சிருக்கியே, ஆர்வோ," என்றார் மாமா. சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு ஏரி முழுக்கச் சுற்றி வந்துவிட்டது.

வீட்டில் அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஐலியின் தம்பி எய்னோவுக்கு ஆறு வயது. அவனுடைய சட்டைக் கையை அம்மா பிழிந்தார், தண்ணீர் சொட்டியது. குடிலின் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் அப்படித்தான் ஆகும். மூன்று நாள் எய்னோ இருமினான்.

"வர்ற சனிக்கிழமையும் இவன் ஈரமா வந்தான்னா, இந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டுலதான்," என்றார் அம்மா.

எய்னோ அழவில்லை. தன் குட்டித் தூண்டிலை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டான். ஐலிக்கு அதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை.

கூரையில் கிடக்கும் பனி உருகி ஒழுகுகிறது என்பது அப்பாவின் முடிவு. வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் ஐலியையும் கூட்டிக்கொண்டு, ஒட்டும் பட்டையோடு குடிலுக்குப் போனார். ஹீட்டரைப் பற்றவைத்தார், அதன் மேல் காப்பிக் கெண்டியை ஏற்றினார். காப்பி இல்லாமல் அப்பா எந்த வேலையையும் தொடுவதில்லை.

ஐலி ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்றாள். கூரையின் மூட்டுகளைத் தடவினாள். காய்ந்திருந்தன. ஆனால் சுவரில் வரிசையாக இருந்த திருகாணிகளின் தலையில் மட்டும் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றது. ஜன்னல் கண்ணாடியிலும் நின்றது. கதவின் இரும்புக் கீலிலும் நின்றது.

"அப்பா, கூரை ஒழுகினா, திருகாணியா பார்த்துப் பார்த்தா ஒழுகும்?"

அப்பா காப்பியைக் குடித்தார். கெண்டியின் மூக்கிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. ஐலி அதைப் பார்த்தாள். பிறகு தன் வாயிலிருந்து போகும் ஆவியைப் பார்த்தாள். கொடியில் தொங்கும் ஈரக் கையுறைகளைப் பார்த்தாள். தரையில் திறந்து கிடந்த இரண்டு குழிகளையும் பார்த்தாள்.

தண்ணீர் வெளியிலிருந்து வரவே இல்லை. எல்லாம் உள்ளேயே இருந்தது.

சூடான காற்று நிறைய ஈரத்தைச் சுமக்கும். குளிர்ந்த பொருளைத் தொட்டதும் அதனால் அவ்வளவையும் சுமக்க முடியாமல் கொஞ்சத்தை அங்கேயே இறக்கி வைத்துவிடும். சுவரில் மற்ற இடத்தைவிடத் திருகாணிதான் குளிர்ச்சி. வெளிக்குளிரை அது நேராக உள்ளே கொண்டுவருகிறது. அதனால் சுமை முதலில் அங்கே இறங்குகிறது.

ஐலி ஹீட்டரின் பின்பக்கம் ஒட்டியிருந்த தாளைப் படித்தாள். அப்பா அதை ஒருநாளும் படித்ததில்லை. கேஸ் எரியும்போது நீராவியும் உண்டாகும் என்று அதில் இருந்தது. கீழே ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு காற்றுத்துளைகள் எப்போதும் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூச்சுக்கு ஆபத்து என்றும் பெரிய எழுத்தில் இருந்தது.

அந்த இரண்டு துளைகளிலும்தான் அப்பாவின் பழைய கம்பளிக் கையுறைகள் திணிக்கப்பட்டிருந்தன.

ஐலி ஒன்றை உருவினாள்.

"ஏய், சூட்டை வெளிய விடாத."

"சூட்டோட ஈரமும் போகும்பா. இந்தத் தாளைப் படிங்க."

அப்பா படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பிறகு எழுந்து இன்னொரு கையுறையை அவரே உருவினார். அவர் முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது.

அதற்கப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. தூண்டில் போடாத நேரத்தில் குழிகளை மூடி வைக்க ஐலி இரண்டு பலகை மூடிகள் வைத்தாள். ஈரக் கையுறைகளை வெளியே ஆணியில் மாட்டினாள். வீட்டு ஜன்னல்களுக்குக் குளிர்காலத்தில் ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் ஒரு துண்டு மிச்சம் இருந்தது. கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டு அதை இழுத்து ஒட்டினாள். இனி சூடான காற்று கண்ணாடியைத் தொட முடியாது. அப்பா கதவின் உட்பக்கம் முழுக்கத் தெர்மாகோல் பலகை அடித்தார். திருகாணித் தலைகளிலும் கீல்களிலும் பட்டையை ஒட்டினார்.

கெண்டிதான் பாக்கி.

"இதையும் நிறுத்தணும்பா. நாள் முழுக்கக் கொதிக்குது."

அப்பா கெண்டியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். காற்றுத்துளைக்குச் சம்மதிக்க ஒரு நிமிஷம் ஆனது. கெண்டிக்குக் கால் மணி நேரம் ஆனது. வீட்டிலிருந்தே பெரிய பிளாஸ்கில், அவர் குடிக்கிற அளவு முழுவதும் கொண்டுவருவதாக ஐலி ஒப்புக்கொண்ட பிறகுதான் விட்டுக்கொடுத்தார்.

"ஆறு கப்பு," என்றார் அப்பா.

"சரி, ஆறு."

"எட்டாவே வச்சுக்கோ."

சனிக்கிழமை மூன்று பேரும் போனார்கள். குடிலில் முன்போல அவ்வளவு சூடு இல்லை. சட்டை மேல் சட்டை போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஐலிக்குத் தூண்டிலில் கவனமே இல்லை. மணிக்கு ஒரு தடவை எழுந்து சுவரைத் தடவினாள். மதியம் வரை காய்ந்திருந்தது. மூன்று மணிக்கு ஜன்னலின் கீழ் மூலையில் மட்டும், தாள் சரியாக ஒட்டாத இடத்தில், கொஞ்சம் ஈரம் கண்டது. அதை விரலால் அழுத்தி ஒட்டினாள். கதவு ஒவ்வொரு முறையும் லேசாகத் திறந்தது. எய்னோவுக்கு ஒரு முழ நீளத்தில் பைக் என்கிற ஏரி மீன் ஒன்று கிடைத்தது.

வீடு வந்ததும் அம்மா எய்னோவை நிறுத்தி வைத்துச் சோதித்தார். சட்டைக் கை காய்ந்திருந்தது. முதுகும் தொப்பியின் உட்பக்கமும் அப்படியே. ஐலி மூச்சை மெல்ல விட்டாள். அம்மா அவனுடைய பூட்ஸைக் கழற்றினார்.

இடது கால் சாக்ஸ் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"இது என்ன?"

எய்னோ அக்காவைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான்.

"மீன் வாளிம்மா. என் மீன் உயிரோட இருக்கான்னு பார்க்கக் குனிஞ்சேன். கால் உள்ள போயிடுச்சு."

அம்மா சாக்ஸை மூக்கருகே கொண்டுபோனார். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சந்தேகமே இல்லை, மீன் வாளிதான்.

"அடுத்த சனிக்கிழமை போறப்ப ரெண்டு ஜோடி சாக்ஸ் எடுத்துட்டுப் போ," என்றார்.