இடது பக்கத்து நட்டு

“மெக்கானிக் இல்லையாங்க?”

வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தவளின் காதில் விழுந்த முதல் பேச்சே அதுதான். முகமெல்லாம் கிரீஸ், கையில் ஸ்பேனர். இவனுக்கு இன்னும் என்ன அடையாளம் வேண்டுமாம்?

“உங்க முன்னாடிதான் நிக்கறேன்.”

அவன் அசடு வழிந்தான். ஆனால் அந்தக் கண்கள்... மழைக்கு முந்தின வானம் மாதிரி கறுத்து, பளபளவென்று... சீ, வந்தவன் கண்ணை யார் பார்க்கச் சொன்னது!

நர்சரிக்காரன். மலைமேல் இருக்கும் தோட்டங்களுக்கு பிக்கப்பில் செடி ஏற்றிப் போகிறவன். வண்டியின் முன்பக்கம் தாழ்ந்து கிடப்பதால், ஒவ்வொரு ஏற்றத்திலும் பம்பர் தரையில் உரசுகிறது. முன்பக்கத்தைத் தூக்கிச் சமமாக்க லெவலிங் கிட் வேண்டுமாம்.

“மூணு இஞ்ச்சா போட்டுடுங்க.”

“ரெண்டு போதும். தொட்டி தொட்டியா மண்ணு ஏத்துவீங்க, பின்பக்கம் இறங்கும். மூணு போட்டா வண்டி மூக்கு வானத்தைப் பாக்கும். ஹெட்லைட்டு எதிர்ல வர்றவன் கண்ணைப் பறிக்கும்.”

“மூணு போட்டா கெத்தா இருக்குமே?”

“கெத்து வேணும்னா குதிரை வாங்கிக்கங்க.”

அவன் வாய்விட்டுச் சிரித்தான். 

கவுண்ட்டரிலிருந்து அண்ணன் கனைத்தான். பட்டறை அவனுடையது, அவளுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவனும் அவன்தான். ஆனால் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தான்: “ஒரே ஒரு தப்பு... அப்புறம் நீ பில்லு போடத்தான் லாயக்கு.” நாள் பூரா அந்தக் கவுண்ட்டரின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காருவதை நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டும்.

வேலை ஆரம்பித்தது. சக்கரத்தைக் கழற்றி, சக்கரத்தை மேலே பிடித்து நிறுத்தும் மேல் ஆர்ம் நட்டை எடுத்து, ஷாக் அப்சர்பரை இறக்கி, அதன் தலையில் உயரம் கூட்டும் ஸ்பேசரை வைத்து மறுபடி ஏற்ற வேண்டும். முறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டின்மேலும் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுப்பது அந்தப் பட்டறையின் வழக்கம். கோடு இல்லாத நட்டு இறுகாத நட்டு.

அவன் போகச் சொல்லியும் போகாமல் பக்கத்திலேயே நின்றான். அவள் நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியபோது, எதுவும் பேசாமல் குனிந்து ஒரு துண்டை நீட்டினான். அவள் நிமிர்ந்தாள்...

சாயங்காலம் தூறல் விழுந்தபோது அவன் கிளம்பிப் போனான்.

“எல்லாத்துக்கும் கோடு போட்டியா?” அண்ணன் கேட்டான்.

“போட்டாச்சுண்ணே.”

வாய்தான் சொன்னது. மனசு ஒவ்வொரு நட்டாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தது. வலது பக்கம் சரி. இடது பக்கம், கீழே சரி. இடது மேல் ஆர்ம்... அங்கே நினைவில் நட்டே இல்லை. அவன் கண்கள்தான் இருந்தன.

கையால் மட்டும் திருகிவிட்டுச் சக்கரத்தை மாட்டிவிட்டாள்!

மலைப்பாதை வளைவில் அந்த நட்டு கழன்றால் சக்கரம் அப்படியே மடங்கும். அவனுக்குப் போன் அடித்தாள். மணி போனது, எடுக்கவில்லை. ரெஞ்ச்சைப் பையில் திணித்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள். “எங்க போறே?” என்ற அண்ணனின் குரல் பின்னால் தேய்ந்தது.

மழை முகத்தில் அறைந்தது. கடவுளே, மலையடிவாரத்து ரயில்வே கேட் மூடியிருக்கணும்... மூடியிருக்கணும்...

மூடியிருந்தது. வரிசையின் நடுவில் அந்த பிக்கப். அவள் ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினாள்.

“ஸ்டியரிங்கை முழுசா திருப்புங்க! இறங்காதீங்க!”

சேற்றில் மண்டியிட்டுச் சக்கரத்துக்கு மேலே கையை விட்டாள். நட்டு விரலுக்கே சுழன்றது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால்... இறுகிவிட்டது என்று ரெஞ்ச் ‘டக்’கென்று சொல்லும்வரை பல்லைக் கடித்து முறுக்கினாள். பிறகுதான் அழுகை வந்தது.

அவன் இறங்கி வந்தான். விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளுத்தது. ஆனாலும் மெல்லச் சொன்னான்:

“உங்க அண்ணன்கிட்ட நான் சொல்ல மாட்டேங்க.”

அந்த ஒரு சொல்லில் அவள் தப்பித்திருக்கலாம். ஆனால் அண்ணனிடம் சொன்ன பொய் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அங்கேயே நின்று போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

“அண்ணே... இடது மேல் நட்டை முறுக்காம விட்டுட்டேன். இப்பதான் முறுக்கினேன். கோடு போட்டேன்னு சொன்னது பொய்.”

“எப்படி விட்டே?”

ரயில் தடதடத்துப் போய் ஓய்ந்தது.

“இவரைப் பாத்துட்டு இருந்தேண்ணே... அதான்.”

நர்சரிக்காரன் சிலையாகிப்போனான். “போனை அவர்கிட்ட குடு” என்றது அண்ணன் குரல்.

அவன் வாங்கினான்.

“அண்ணே, தப்பு அவங்களோடது மட்டும் இல்ல. ரெண்டு இஞ்ச் போதும்னு எனக்கே தெரியும். அவங்க கோவப்படுறதைப் பாக்கத்தான் மூணுன்னு வம்பு பண்ணினேன்... எனக்கு அவங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு.”

கேட் திறந்துவிட்டது. பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. இருவரும் அசையவில்லை.

“ரெண்டு பேரும் வண்டியைத் திருப்பிட்டு வாங்க. மிச்ச நட்டையெல்லாம் நானே பாக்கறேன்.”

“அண்ணே...” அவள் போன் பக்கம் குனிந்தாள். “நாளையிலேருந்து எனக்குக் கவுண்ட்டரா?”

“யாரும் கேக்காம நீயே சொன்னே பாரு, அதுக்காக விடறேன். அதோட, கவுண்ட்டர்ல உக்காந்தா போறவன் வர்றவனையெல்லாம் பாத்துட்டு இருப்பே. வண்டிக்கு அடியிலயே கிட!”

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பொங்கின. நர்சரிக்காரன் அவள் ஸ்கூட்டரைப் பின்பக்கம் ஏற்றிவிட்டு, பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டான்.

“இனிமே யாரையும் பாக்க மாட்டேன்,” என்றாள் ஏறிக்கொண்டே. “இவரை மட்டுந்தான்.”

“போன் இன்னும் ஆன்லதான் இருக்கு,” என்றான் அண்ணன்.