இனி கேட்க வேண்டாம்

அலமாரிக்குள் சத்தம் நின்றிருந்தது.

ஹாலின் மூலையில் இருந்த அந்த மர அலமாரிக்குள் பல வருடங்களாக ஒரு பழைய கம்ப்யூட்டர் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்த சினிமா, பாட்டு, குடும்ப வீடியோ எல்லாவற்றையும் தன் வயிற்றில் வைத்துக்கொண்டு, ரிமோட்டை அமுக்கியதும் டிவிக்கு எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. விசிறி தேய்ந்து போயிருந்ததால் எந்நேரமும் கரகரவென்று உறுமும். வந்தவர்களெல்லாம் உள்ளே யார் குறட்டை விடுகிறார் என்று கேட்காமல் போனதில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை காலை, காபி டம்ளரோடு ஹாலுக்கு வந்த வீட்டுப் பெரியவர் அந்த உறுமல் இல்லாததைக் கவனித்து நின்றுவிட்டார். அலமாரிக் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சூடாக இருந்தது. பச்சை விளக்கும் எரிந்தது. இயந்திரம் ஓடத்தான் செய்தது, ஆனால் மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. கதவிடுக்கிலிருந்து தூசி வாசனைக்குப் பதிலாக, யாரோ தலைக்குக் குளித்துவிட்டுப் பக்கத்தில் வந்து நிற்பதுபோல் ஈரக் கூந்தல் வாசனை வந்தது.

நேற்றுப் போட்ட அப்டேட் நன்றாகத்தான் வேலை செய்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு காபியைக் குடித்தார்.

லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஓடுகிற மெஷினில் கை வைக்காதே என்பதுதான் அவர் தொழிலில் கற்ற ஒரே வேதம். அலமாரிக் கம்ப்யூட்டரில் படம் காட்டும் மென்பொருளுக்கு அப்டேட் வரும்போதெல்லாம் வேண்டாம் என்று அமுக்கிவிடுவார். அதைப் பயன்படுத்துகிறவர்களுக்கென்று இணையத்தில் ஒரு மன்றம் உண்டு. அதில் இவரைப்போல ஆதி நாள் முதல் இருக்கிற பழைய ஆட்கள் ஒரு கூட்டம். அவர்கள் கேட்டதெல்லாம் பெரிய விஷயமா என்ன? இருக்கிற பட்டனை இடம் மாற்றாதே. என் வீட்டுப் படத்தைப் பார்க்க உன்னிடம் அனுமதி கேட்க வைக்காதே. விளம்பரத்தைக் கொண்டுவந்து நுழைக்காதே. புதிதாக ஒன்றும் தர வேண்டாம், இருக்கிறதைக் கெடுக்காமல் இருந்தால் போதும். இதை வருடக்கணக்கில் எழுதினார்கள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

இவருடைய கோரிக்கை தனி. வீடியோக்களில் உள்ள முகங்களை அந்த மென்பொருள் அடையாளம் கண்டு, இவர் யார், இருவரும் ஒருவரா என்று கேட்கும். பதில் சொன்னாலும் மறுவாரம் அதையே கேட்கும். "நாங்கள் என்ன கோர்ட் கூண்டிலா நிற்கிறோம்? ஒரு தடவை சொன்னால் போதாதா? 'இனி கேட்க வேண்டாம்' என்று ஒரு கட்டம் வையுங்கள்" என்று எத்தனையோ முறை எழுதிவிட்டார். இளவட்டங்கள் சிரித்தன. பழைய ஆட்கள் எல்லோரும் வரிசையாக வந்து ஆமோதித்தார்கள்.

போன வாரம் வந்த அப்டேட்டின் தலைப்பே 'நீண்டநாள் பயனர்கள் கேட்டவை' என்று இருந்தது. கீழே முதல் வரியில் அவருடைய கட்டம். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. வேதத்தை மறந்து சனிக்கிழமை சாயங்காலம் அமுக்கிவிட்டார்.

உடனே கேள்விகள் வந்தன. முதல் கேள்வியே வழக்கமானதுதான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு முகம். ஒன்று மனைவி, இன்னொன்று மகள். இருவரும் ஒருவரா?

மனைவி முப்பத்து மூன்று வயதில் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தாள். அப்போது மகளுக்குப் பத்து வயது. இப்போது மகளுக்கு முப்பத்து மூன்று. அம்மாவை உரித்து வைத்திருக்கிறாள் என்று சொல்லாத ஆள் இல்லை, அதிகம் சொன்னவர் அவரே. மகளுக்கு அது வேப்பங்காய். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை கிடைத்து முதல் சம்பளம் வாங்கிய அன்றே முடியைக் காதளவுக்கு வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். அப்பா ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது கடைக்குப் பக்கத்தில் தனியாக ஒரு வீடு பிடித்திருந்தாள். அடுத்த மாதம் போகிறாள்.

அவர் எப்போதும்போல் 'இல்லை' என்றே அமுக்கிக்கொண்டு வந்தார். பிறகு ஒரு படம் வந்தது. பால்கனிக் கம்பியைப் பிடித்தபடி தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பாதி முகம் காட்டும் ஒரு பெண். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். அது யார் என்று அவருக்குத் தெரியவில்லை. பெற்ற மகளா, கட்டிய மனைவியா என்று நிஜமாகவே தெரியவில்லை. எரிச்சலாக வந்தது. 'ஆம்' என்று அமுக்கி, கீழே தான் போராடி வாங்கிய கட்டத்தில் ஒரு டிக்கையும் போட்டார்.

'நன்றி. பழைய பதிவிலிருந்து தொடங்கித் தேதி வரிசையில் இருவரையும் இணைக்கிறோம்' என்றது திரை. பேரை மட்டும்தான் இணைக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காபி முடிந்ததும் சரிபார்க்கலாம் என்று பூங்கா வீடியோவைப் போட்டார். மகளுக்கு நாலு வயதில் அவரே எடுத்தது. மனைவி ஊஞ்சலைத் தள்ளிக்கொண்டிருந்தாள். சங்கிலி கிரீச்சிட்டது. ஊஞ்சல் முன்னால் போய்ப் பின்னால் வந்தது. பலகை காலியாக இருந்தது. "கெட்டியாப் புடிச்சுக்கோ" என்று சிரித்தபடி மனைவி காலிப் பலகையைத் தள்ளினாள். சங்கிலிகள் விறைப்பாக, ஒரு பிள்ளையின் பாரம் இருப்பதுபோலவே இழுபட்டுக்கொண்டிருந்தன. அவர் அடுத்த வீடியோவைப் போட்டார். பிறந்தநாள் கேக்கைச் சுற்றி எல்லோரும் கைதட்டினார்கள். மெழுகுவத்திகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஊத அங்கே யாரும் இல்லை.

மகள் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தாள்.

"ஏம்மா, பூங்காவுல ஊஞ்சல் ஆடினது உனக்கு ஞாபகம் இருக்கா?"

"நானா? நான் எங்கப்பா ஆடினேன்?" கொஞ்சம் யோசித்தாள். "தள்ளி விட்டதுதான் ஞாபகம் வருது. யாரையோ தள்ளிக்கிட்டே இருந்தேன். கை வலிச்சுது."

"அது உங்கம்மாடி."

"காலையிலயே ஆரம்பிச்சுட்டியா? நான் அம்மா இல்லப்பா. எத்தன தடவ சொல்றது?" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தக் கோபம் அவருக்கு ஆறுதலாக இருந்தது.

மன்றத்தில் போய் நடந்ததை எழுதினார். இணைத்ததைப் பிரிக்க வழி உண்டா என்று கேட்டார். அடுத்த பதிப்பில் பரிசீலிப்போம் என்று மென்பொருள்காரர்களிடமிருந்து பதில் வந்தது. கேட்டதையெல்லாம் பத்து வருடம் கழித்துத் தருகிறவர்கள் பரிசீலிக்கிறார்களாம். அதற்குக் கீழே 'பழைய டிஸ்க்' என்ற புனைபெயரில் எழுதும் ஒருவர், இவரைப்போலவே ஆரம்ப காலத்து ஆள், தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தார்.

"பயப்படாதீங்க சார். கொஞ்சம் கொஞ்சமா செய்யும். எனக்கும் முடிஞ்சிருச்சு, சுத்தமா இருக்கு. உங்களுக்கு ரெட்டைப் புள்ளைங்களாச்சேன்னு பக்கத்து வீட்ல கேக்கறாங்க. எனக்கு ஒருத்தன்தான் ஞாபகம் இருக்கு. வீடியோவுலயும் ஒருத்தன்தான் இருக்கான். என் வீட்டுக்காரிதான் பாவம், சாப்பாட்டுக்கு ரெண்டு தட்டு எடுத்து வச்சிட்டு அழுவா."

அவர் செய்தியை மூடினார். அலமாரிக்குப் போய் பிளக்கைப் பிடித்தார். திரையில் உடனே எழுத்து வந்தது: 'வேலை நடக்கிறது. இடையில் நிறுத்தினால் இருவரும் சேதமடையலாம்.' பதிவுகள் என்று போட்டிருக்கலாம். இருவரும் என்று போட்டிருந்தது. பிளக்கிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

அந்த வாரம் மகளின் முடி தோளைத் தொட்டது. இரண்டு நாளில் முதுகைத் தாண்டியது. கடையில் யாரும் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டதற்கு, என்ன சொல்லணும் என்று திருப்பிக் கேட்டாள். அப்பாவை நீ என்று கூப்பிடுகிறவள் நீங்க என்று பேச ஆரம்பித்தாள். சமையலறையில் டப்பாக்களை இடம் மாற்றி வைத்தாள், இருபத்து மூன்று வருடத்துக்கு முன் அவை இருந்த இடத்தில். வியாழக்கிழமை சாப்பாட்டு மேசையில் ஒரு சாவியை வைத்துவிட்டு, "இது யாரோட சாவி? என் பையில இருந்துச்சு" என்றாள். புது வீட்டுச் சாவி அது. உன்னுடையதுதான் என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். போக மாட்டாள் என்று நினைத்ததும் நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கியது உண்மை. அதற்காக அவர் தன்னையே காறித் துப்பிக்கொள்ளலாம். ஆனாலும் உண்மை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழை. மகள் தலை வலிக்கிறது என்று அறைக்குள் படுத்திருந்தாள். ஹாலில் விளக்குப் போடாமல், டிவி வெளிச்சத்தில் உட்கார்ந்து, பிரிக்க வழி உண்டா என்று மென்பொருளின் ஒவ்வொரு அமைப்பாகத் திறந்து தேடினார். எங்கோ அடியில் அது இருந்தது. 'யாரை வைத்துக்கொள்வது?' கீழே இரண்டு படம். மனைவியின் படத்தைச் சுற்றி ஏற்கெனவே ஒரு நீலக் கோடு. பக்கத்தில் காரணமும் போட்டிருந்தது: 'பதிவுகள் அதிகம்.'

அது பொய் சொல்லவில்லை. மனைவி போன பிறகு அவர் கேமராவைத் தொட்டதே அபூர்வம். பள்ளி விழாவுக்கு மகள் கெஞ்சிக் கெஞ்சிக் கூப்பிட்டபோதுகூட வெறுங்கையோடு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து வந்தவர். சாயங்காலமெல்லாம் மனைவியின் வீடியோக்கள் முன்னால்தான் கழிந்தன. பக்கத்தில் ஒரு பிள்ளை வளர்ந்துகொண்டிருந்தது, இவர் இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

நீலக் கோட்டை மகளின் படத்துக்கு நகர்த்தினார். 'மற்றவர் எல்லாப் பதிவுகளிலிருந்தும் நீக்கப்படுவார். உறுதியா?' அடியில் ஒரு பச்சைப் பட்டை நிரம்பிக்கொண்டே வந்தது. இன்னும் நகத்தளவுதான் பாக்கி.

உறுதியா.

கட்டை விரல் பட்டன் மேல் இருந்தது. எல்லாப் பதிவுகளிலிருந்தும். அந்தச் சிரிப்பு. அந்தக் குரல். ஒன்றுகூட மிஞ்சாது.

"அப்பா..."

அறைக்குள்ளிருந்து. மெல்லிய குரல்.

"என்னம்மா?"

"அப்பா, எனக்கு என் பேரு வரமாட்டேங்குது. யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். வரவே மாட்டேங்குது. அப்பா, இங்க வாயேன்."

"இதோ வரேன். ஒரு நிமிஷம்மா."

அமுக்க வேண்டியதுதான். அமுக்குவதற்கு முன்னால் ஒரே ஒரு தரம். மனைவியின் முகத்தைக் கடைசியாக ஒரு தரம் பார்த்துக்கொள்ளலாம். நிமிர்ந்து பார்த்தார்.

பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்பா! சீக்கிரம் வாப்பா! அப்..."

மழைச் சத்தம்.

பட்டை நிரம்பியிருந்தது. 'இணைப்பு முடிந்தது. உங்கள் நீண்டநாள் ஆதரவுக்கு நன்றி.' விரல் பட்டனை அமுக்கியது. மறுபடி அமுக்கியது. திரையில் கேள்வியே இல்லை.

அறைக் கதவு திறந்தது. கொலுசில்லாத வெறுங்கால்கள் தரையில் வந்தன. இடுப்பு வரை பின்னல். ஈரக் கூந்தல் வாசனை.

"என்னங்க, இருட்டுல உக்காந்து என்ன பண்றீங்க?"

அந்தக் குரல். டிவியிலிருந்து வராத குரல். சொல்லவே கூசுகிறது, அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்து, கண்ணில் நீர் முட்டி, வா என்று கையை நீட்டினார். ஒரு கணம்தான். மகள் என்று ஒருத்தி இருந்தாள் என்பது அந்தக் கணத்தில் அவருக்கு நினைவே வரவில்லை.

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பின்னலை ஒதுக்கினாள். நீட்டிய கையைப் பிடித்துத் தன் கழுத்தோரம் வைத்துக்கொண்டாள்.

"இங்க தொட்டுப் பாருங்களேன். ரெண்டு நாளாவே இருக்கு."

இருபத்து மூன்று வருடத்துக்கு முன்னால் இதே சோபாவில் கேட்ட சொற்கள். கையை இழுக்கப் பார்த்தார். அவள் விடவில்லை.

"வலியெல்லாம் இல்லீங்க. சின்னக் கட்டிதான்."

விரலுக்கு அடியில் அது உருண்டது. கெட்டியாக. பட்டாணி அளவில்.

அவர் என்ன சொல்லப் போகிறார் என்று அவள் சிரித்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.