துடைத்து வைத்த கருவிகள்

செவ்வாய்க் குடியிருப்பில் குளியல் மாதத்துக்கு ஒரு முறைதான். மற்ற நாட்களில் விடிந்ததும் வீட்டு இயந்திரன் ஈரத்துணியோடு வந்து மனிதர்களைத் துடைத்துவிடும். அன்று காலை இயந்திரன் சடையன் பூவராகனை வழக்கத்தைவிட அதிக நேரம் துடைத்தது. காதுமடலின் பின்பக்கத்தைக்கூட விடவில்லை. அவருக்கு அது உறுத்தியது.

பத்து மணிக்குள் பூமிக்கப்பலில் தன் இடத்தை அவர் உறுதி செய்தாக வேண்டும். தவறினால் அடுத்த கப்பல் இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான். பூமியில் பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள். அவர் இன்னும் அவளைத் தூக்கியதில்லை. ஆனால் அவர் கிளம்பிவிட்டால் சடையன் பழைய இயந்திரன்களின் கிடங்குக்குப் போக வேண்டியதுதான். அது சடையனுக்கும் தெரியும்.

மடிக்கணினியைத் திறந்தார். திரையில் வட்டம் மூன்று முறை சுற்றியது, பிறகு கறுத்துப்போனது. அணைத்துவிட்டு மறுபடி போட்டார். மூன்று சுற்று, கறுப்பு. பக்கவாட்டில் ஓங்கி இரண்டு தட்டு தட்டினார். கிரகம் மாறியும் மனிதன் இந்த வைத்தியத்தை மட்டும் விடவில்லை.

"சடையா, இதத் தொட்டியா?"

"துடைத்தேன், ஐயா. இன்று வேலை வேண்டாமே. ஓய்வாக இருங்கள்."

சொல்லிவிட்டு அது மிக்சியையும் நீர்வடிகட்டியையும் அலமாரியில் வரிசையாக அடுக்கப் போய்விட்டது. பூவராகன் அதன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்துச் சுரங்கத்தில் பழுதுபார்க்கும் ரெஜினாவை அழைத்தார்.

அவள் வந்து கணினியின் அடிமூடியைக் கழற்றினாள். பேட்டரியைச் சோதித்தாள், நினைவகத்தைப் பிடுங்கித் துடைத்துச் செருகினாள்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி."

"அந்தப் பய ஏதோ பண்ணியிருக்கான். நான் போறது அவனுக்குப் பிடிக்கல."

"சும்மா இருங்க. உங்கள வச்சிக்கிட்டு அவனுக்கு என்ன லாபம்? மிஷினுக்கு உங்கள அடையாளம் தெரியல, அதான். திருடன்னு நெனச்சு அணைஞ்சிருது. எங்க, குனியுங்க."

அங்கே எல்லாருக்கும் பிடரித் தோலுக்கடியில் அரிசியளவில் ஓர் அடையாளமணி இருக்கும். அதன் சமிக்ஞை கிடைத்தால்தான் கணினி விழிக்கும். ரெஜினா சட்டைக் காலரை விலக்கினாள்.

"என்ன அண்ணாச்சி, கழுத்துக்குப் பின்னால பொட்டு வச்சிருக்கீய?"

விரல்தடிமனுக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமத்துக்குப் பதிலாகச் செவ்வாய் மண். இரும்புத்தூள் நிறைந்த அந்த மண் சமிக்ஞையை மறைத்திருந்தது.

"ஏலே சடையா!"

"இன்று ஆயுதபூஜை, ஐயா. போன ஆண்டு என் பிடரியில் நீங்கள் வைத்தீர்கள். எதனால் நமக்குத் தொழில் நடக்கிறதோ அது கருவி, அதற்கு இன்று ஓய்வு என்றீர்கள். எனக்கு உங்களால்தானே தொழில்!"

ரெஜினா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் குனிந்தபோது பூவராகன் அவள் பிடரியைப் பார்த்தார். அங்கும் ஒரு பொட்டு.

"உனக்குமா?"

அவள் தடவிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. "நான் கோயிலுக்குப் போறவகூட இல்லையே, சர்ச்சுக்குல்ல போறேன்!"

"கருவிகளில் நாங்கள் மதம் பார்ப்பதில்லை, அம்மா," என்றது சடையன்.

பூவராகன் பொட்டைத் துடைத்தெறிந்துவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தார். வட்டம் ஒரு சுற்று. திரை பளிச்சென்று எழுந்தது. பத்தாக ஆறு நிமிடம். பயணப் பிரிவைத் திறந்தார். அங்குள்ள இயந்திரன்கள் போட்ட அறிவிப்பு:

'எங்கள் மனிதர்கள் அனைவரும் இன்று துடைத்து, பொட்டு வைத்து, வரிசையாக அடுக்கப்பட்டுள்ளனர். மாலுமிகளும் அவ்வாறே. கப்பல் காத்திருக்கும். நாளை நல்ல நேரத்தில் வரவும்.'

பூவராகன் மெல்லத் திரும்பினார். மிக்சிக்கும் நீர்வடிகட்டிக்கும் நடுவே ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விடப்பட்டிருந்தது. சடையன் அவரை அலுங்காமல் தூக்கி அங்கே வைத்தது.

"நாளைக்கு விட்டுருவியா?" என்றார் சந்தேகமாக.

"நாளை வழக்கம்போலத்தான், ஐயா," என்றது சடையன், அவர் தோளில் தூசி தட்டியபடி. "எழுந்திருக்கத் தாமதமானால் பக்கவாட்டில் ஓங்கி இரண்டு தட்டு."